டிபன் கேரியரில் போன போர்க்கப்பல்கள்

லண்டன் விமான நிலையத்தில் என் டிபன் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஐந்தடுக்கு எவர்சில்வர் கேரியர். என் மனைவி ஜமீலாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. சுங்க அதிகாரி முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு மேல் தட்டைத் திறந்தார். கருவாடோ ஊறுகாயோ இருக்கும் என்று நினைத்திருப்பார். உள்ளே இலவம் பஞ்சு. பஞ்சை விலக்கினால், பாய் விரித்த போர்க்கப்பல்.

அடுத்த தட்டைத் திறந்தார். அதிலும் கப்பல்கள். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கப்பலும் என் நடுவிரல் நீளம்தான். அதற்குள் மூன்று பாய்மரம், அடுக்கடுக்காகப் பீரங்கி, மரத்திலிருந்து மரத்துக்குக் கயிறு, பின்பக்கம் கொடி எல்லாம் உண்டு. அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைக் கூட்டிவந்த நாகராஜ் சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காதர் பாய், இந்தக் கடற்படை எந்த ஊர்க் கடற்படைன்னு கேக்கறாரு."

"தர்மபுரின்னு சொல்லுங்க சார்."

வாயில் வந்துவிட்டது. அதிகாரி ஊர்ப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அங்கே கடல் எப்படி இருக்கும் என்று விசாரித்தாராம். கடல் இல்லை, ஆற்றில் பரிசல் இருக்கிறது என்று நாகராஜ் சார் சொன்னாராம். அந்த மனிதர் பஞ்சைத் தன் கையாலேயே பழையபடி வைத்து, தட்டுகளை அடுக்கி, கொக்கியை மாட்டிக் கொடுத்தார். கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டியும் பார்த்தார்.

நான் தர்மபுரி டவுனில் தாயத்து செய்கிறவன். தாயத்துக் குப்பி, அரைஞாண் மணி, கொலுசுத் திருகு என்று வெள்ளியிலும் வெள்ளீயத்திலும் சின்னச் சின்னச் சாமான்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் கூடுகிற இடத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். கடைக்கு வருகிறவர்களிடம்கூட ஜமீலாதான் பேசுவாள்.

நாகராஜ் சார் ஓசூர்க்காரர். வீட்டில் கன்னடம் பேசுவார். சின்ன வார்ப்புப் பட்டறை வைத்து வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறார். ஒரு நாள் ஒரு கப்பலைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து என் பட்டறையில் கொட்டினார். இங்கிலாந்தில் மேசைமேல் நீலத் துணியை விரித்து, அதைக் கடல் என்று வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் கப்பல் சண்டைகளை விளையாடுகிறார்களாம். அடிக்கோலால் அளந்து கப்பலை நகர்த்துவார்களாம். குண்டு பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்களாம்.

"விளையாடற பசங்களுக்கு வயசு என்ன இருக்குமுங்க?" என்று ஜமீலா கேட்டாள்.

"அம்பது, அறுபது இருக்கும்மா."

"அப்ப சரிதான். வூட்டுல சும்மா குந்தியிருக்கறவங்க."

அப்படித்தான் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த மாதிரியை வைத்து உடலும் பாய்களும் ஓசூரில் வார்த்து வரும். நான் அரம் போட்டுச் சுத்தம் செய்து, மரம் நட்டு, வர்ணம் அடிப்பேன். கயிறு கட்டுவது ஜமீலா. பாப்பாரப்பட்டிப் பக்கம் அவள் தம்பி பட்டுப்புழு வளர்க்கிறான். அவனிடம் வாங்கிய பட்டு இழைதான் எங்கள் கப்பல்களுக்குக் கயிறு. கொடி மட்டும் மாதிரியில் வரவில்லை. அது முழுக்க என் யோசனை. தீர்ந்துபோன பற்பசை ட்யூபை வெட்டி விரித்து, தகடாக்கி, நெளிவு கொடுத்து வர்ணம் தீட்டினேன். மற்றதெல்லாம் அடுத்தவர் வரைந்தது, கொடி என்னுடையது என்று எனக்குள் ஒரு பெருமை.

எங்கள் தெரு டீக்கடை மாதப்பன் விடமாட்டான். "குடிக்கத் தண்ணி வராத ஊர்ல கப்பல் கட்டறீங்களே பாய், முனிசிபாலிட்டி குழாயில வுடப் போறீங்களா?" என்பான்.

முதல் தடவை தபாலில் அனுப்பினோம். மரங்கள் பாதிக்குமேல் ஒடிந்து போய்ச் சேர்ந்தன. இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த ஊர்க் கப்பலே வேண்டாம் என்று அந்த விளையாட்டுக் கிளப்பில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை கையோடு கொண்டுபோவது என்று ஆனது. வழியில் ஏதாவது ஒடிந்தால் ஒட்டுவதற்கு நான். சனிக்கிழமை அங்கே பெரிய ஆட்டம். அதற்குள் எங்கள் கப்பல்கள் மேசை ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதோடு முடிந்தது. "பாய் செஞ்ச கப்பல் வெள்ளக்காரன் மேசையில ஏறுதான்னு பாக்கத்தான போறோம்" என்று மாதப்பன் சொல்லி அனுப்பினான்.

லண்டனிலிருந்து தெற்கே ஒரு துறைமுக ஊருக்கு ரயில். சீட்டு மெத்தென்று இருந்தது. நாகராஜ் சார் தூங்கிவிட்டார். எங்கள் ஸ்டேஷன் வந்ததும் எழுப்பினேன். கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே போனேன். கதவில் கைப்பிடி இல்லை! மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். திறந்துவிட யாராவது வருவார்கள் என்று நின்றேன். யாரும் வரவில்லை. ரயில் நகர்ந்தது. நம் ஊரில் பஸ் நின்றால், "இறங்கு இறங்கு, யாரும்மா அது தூங்கறது" என்று கண்டக்டர் ஊரையே எழுப்புவார். இங்கே எல்லோரும் அவரவர் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வயதான அம்மாள் மட்டும் எழுந்து வந்தார். கதவின் கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கம் இருந்த கைப்பிடியைக் காட்டினார். உள்ளே இருப்பவர் வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டுமாம்.

"இது என்ன ரீ, திருடன் வூட்டுக்குள்ள பூர்ற மாதிரி!" என்றார் நாகராஜ் சார். அடுத்த ஊரில் இறங்கி, எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்தோம்.

ஸ்டேஷனில் ஆர்தர் காத்திருந்தார். கப்பல்களை வரவழைத்தவர் அவர்தான். நான் கோட்டு சூட்டு போட்ட ஒரு துரையை எதிர்பார்த்திருந்தேன். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளிச் சட்டையில் முழங்கைப் பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வீட்டில் அவர் மனைவி மேரி டீ கொடுத்தார். பெரிய கோப்பை, இஞ்சியும் இல்லை ஏலக்காயும் இல்லை. கேரியரைத் திறந்தோம். ஒரே ஒரு கப்பலில் மட்டும் மரம் சாய்ந்திருந்தது. மற்றவையெல்லாம் ஊரில் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆர்தர் மூன்றடுக்குப் பீரங்கிக் கப்பலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கொடியை விரல் நுனியால் தொட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேறு ஏதோ சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்குன்றாரு," என்றார் நாகராஜ் சார்.

தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்கச் சொன்னேன். ஆர்தர் பித்தளையில் செய்த திசைகாட்டி ஒன்றை எடுத்துவந்தார். உலக வரைபடத்தை விரித்து, மக்காவின் மேல் விரலை வைத்து, மாடி அறையில் எனக்குத் திசை காட்டிக் கொடுத்தார். ஊரில் மேற்கே பார்த்துத் தொழுகிறவன் நான். இங்கே தென்கிழக்கே பார்த்து நின்றேன். மேரி சலவை செய்த துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். சூரியன்தான் சொன்னபடி கேட்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்தும் வெயில் அடித்தது. சூரியன் மறைந்தபின் தொழுகிற மஃரிபுக்காக ஜன்னலருகே காத்துக் காத்து உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு எனக்கு மீன்தான். ஆட்டையும் கோழியையும் எப்படி அறுத்தார்களோ என்கிற கவலை மீனில் இல்லை. மாவில் முக்கிப் பொரித்த பெரிய துண்டும் உருளைக்கிழங்கும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். மீன் நல்ல மீன். மிளகாயைத்தான் கண்ணில் காட்டவில்லை. ஒகேனக்கலில் கல்லின்மேல் சுடச்சுடப் புரட்டிக் கொடுப்பதைத் தின்றுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்போமே, அதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ஜமீலா கட்டிக் கொடுத்த பூண்டுப் பொடியை எடுத்துத் தூவினேன். மேரி கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரையும் குடித்துவிட்டு, மறுபடி கையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆர்தர் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தவுடன் கடல் என்று தோன்றவில்லை. வானம் கீழே வரை இறங்கிவிட்டது என்று நினைத்தேன். காற்று பலமாக அடித்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு கற்சுவர் ஓரமாக நின்றோம்.

அப்போது ஒரு பாய்மரப் படகு வந்தது. பழைய மாதிரி, இரட்டை மரம். பின்பக்கத்துக் காற்றை வாங்கிக்கொண்டு, பாய் உப்பி, துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நான் வார்ப்பில் தினமும் தடவிப் பார்க்கிற அதே உப்பல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாயைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன். கடைசியில் கொடியைப் பார்த்தேன்.

கொடி முன்னால் பறந்தது.

படகு போகிற திசையைப் பார்த்தே பறந்தது. நான் அதுவரை பார்த்த கொடிகளெல்லாம் எலெக்‌ஷன் ஜீப்பில் கட்டிய கொடிகள். வண்டி முன்னால் போனால் கொடி பின்னால் பறக்கும். அதைப் பார்த்துத்தான் என் கப்பல்களுக்கெல்லாம் கொடியைப் பின்னால் பறக்க விட்டிருந்தேன். ஆனால் ஜீப்பைத் தள்ளுவது எஞ்சின். கப்பலைத் தள்ளுவது காற்று. அந்தக் காற்றுதானே கொடியையும் தள்ளும்? என் கப்பல்களில் பாய்க்கு ஒரு காற்று, கொடிக்கு ஒரு காற்று!

"சார்," என்றேன். "நம்ம கொடியெல்லாம் தப்புங்க."

நாகராஜ் சார் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார். "அய்யோ தேவரே! இத்தனை நாளா பாக்கறேன், எனக்கும் தோணலையே பாய்! அந்தக் கிளப்புல நாளைக்கு மானம் போயிடும்." அங்கேயே ஆர்தரிடம் கேட்டார். ஆர்தரின் முகம் சிவந்துவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னதை நாகராஜ் சார் வாங்கி வாங்கி எனக்குச் சொன்னார்.

"வந்த அன்னிக்கே பார்த்துட்டாராம். இவ்வளவு தூரம் கேரியரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டாராம். நாளைக்கு எவனாவது கொடியைப் பத்திப் பேசினா, அவன்கூடச் சண்டை போடறதா இருந்தாராம். இவரு பஸ்ல திருவிழாவுக்குக் கட்டின கொடியும் காலமெல்லாம் பின்னாலதான் பறந்துச்சாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் கோபமோ கூச்சமோ நிற்கவில்லை. ஊரில் விருந்தாளியின் சட்டை கிழிந்திருந்தால் நாம் பார்க்காத மாதிரி இருப்போம் அல்லவா, அதைத்தான் அவர் செய்திருக்கிறார். வீட்டுக்குப் போகலாம், ஆட்டம் நாளைக்குத்தானே என்றேன்.

சமையலறை மேசையில் கப்பல்களை வரிசையாக வைத்தேன். கொடிகளைப் பெயர்த்து முன்பக்கமாகத் திருப்பி ஒட்டிவிடலாம் என்பது என் கணக்கு. ஆர்தர் தலையை ஆட்டினார். கப்பல் ஒரே பக்கம் போய்க்கொண்டிருக்காது. திரும்பும். காற்றும் ஒரே பக்கம் அடிக்காது. அதற்குத் தனியாக ஒரு பகடை உண்டாம், அதை உருட்டினால் காற்று மாறுமாம். எந்தப் பக்கம் ஒட்டினாலும் ஆட்டத்தில் பாதி நேரம் கொடி தப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எல்லோர் கப்பலும் அப்படித்தான், முன்பக்கம் ஒட்டிவிட்டால் போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. தப்பு என்று தெரிந்தபின் பாதித் தப்பாக எப்படி விடுவது? தாயத்துக்கு இரண்டு முனையிலும் காது வைப்போம். காது என்றால் கயிறு நுழைகிற சின்ன வளையம். கயிறு கழுத்தில் நின்ற இடத்தில் நிற்கும், தாயத்து அதில் சுற்றும், நகரும், திரும்பும். கொடிக்கும் காது வைத்தால் என்ன?

மேரியிடம் தையல் ஊசி வாங்கினேன். ஆர்தர் பழைய ரேடியோவைப் பிரித்து, முடிபோல மெல்லிய செப்புக் கம்பி கொடுத்தார். கம்பியை ஊசிமேல் சுற்றி, உருவி, வெட்டினால் காது. ஒவ்வொரு கொடிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. சூடு காட்டினால் கப்பலே உருகிவிடும் என்பதால் பசையால்தான் ஒட்டினேன். கப்பலின் பின்பக்கம் குண்டூசி ஒன்றை வெட்டிக் கம்பமாக நட்டேன். காதுகளை அதில் மேலிருந்து கோத்து இறக்கினேன். நாகராஜ் சார் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடலாமா என்று கேட்டுக் கேட்டு விட்டார். அந்த ஊர் வெயில் எனக்காகவே போகாமல் நின்றது.

முதல் கொடி காய்ந்ததும் கப்பலை மேசை நடுவில் வைத்து ஊதினேன். கொடி திரும்பியது. இந்தப் பக்கம் வந்து ஊதினேன். அந்தப் பக்கம் திரும்பியது. ஆர்தர் ஊதினார். நாகராஜ் சார் ஊதினார். மேரி தோசைக்கரண்டி மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். "மூணு கிழவன்களும் பால் ஆத்தறீங்களான்னு கேக்கறாங்க," என்றார் நாகராஜ் சார். கேட்டுவிட்டு மேரியும் குனிந்து ஊதினார்.

சனிக்கிழமை, ஒரு பள்ளிக்கூட ஹால். கல்யாணப் பந்தி போல நீளமான மேசை, மேலே நீலத் துணி. ஆண்கள் கூட்டம், பைப் புகை. நான் கோட்டுகள் தொங்குகிற இடத்தில் ஒரு ஓரமாக நின்றுகொண்டேன். ஆர்தர் கேரியரைத் தட்டுத் தட்டாகத் திறந்து எங்கள் கப்பல்களை இரண்டு அணியாகக் கடலில் இறக்கினார். பேசிக்கொண்டிருந்தவர்கள் மேசையைச் சுற்றி வந்தார்கள்.

தாடி வைத்த பெரிய உருவம் ஒன்று ஒரு கப்பலைத் தூக்கிப் பார்த்து உரக்கக் கேட்டது. 

"கொடி ஏன் ஆடுது, ஒட்ட மறந்துட்டீங்களான்னு கேக்கறாரு," என்றார் நாகராஜ் சார்.

ஆர்தர் குனிந்து, தாடிக்காரர் கையிலிருந்த கப்பலின் மேல் மெல்ல ஊதினார். கொடி சுற்றியது. தாடிக்காரர் கப்பலைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு அவரும் ஊதினார். அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஹாலில் இருந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆட்டம் தொடங்குமுன் காற்றுப் பகடையை யார் கையில் கொடுப்பது என்று பேச்சு வந்தது. இரண்டு அணியிலும் சேராத ஆள்தான் அதை உருட்ட வேண்டுமாம். ஆர்தர் கோட்டுகளுக்கு நடுவே கையை விட்டு என்னை வெளியே இழுத்தார்.

"சார், எனக்கு வேணாம்னு சொல்லுங்க."

"சும்னிரி பாய், சும்மா இருங்க. காத்துதான் உங்களக் கூப்பிடுது, போங்க."

பகடையை வாங்கினேன். வீட்டில் ஜமீலாவோடு தாயம் ஆடுகிற கைதான். உருட்டினேன். ஒருவர் சத்தமாக அறிவித்தார். வாசல் பக்கமிருந்து அடித்த காற்று இப்போது ஜன்னல் பக்கமிருந்து அடிக்கிறது. உடனே மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் குனிந்தார்கள். நரைத்த தலைகள், வழுக்கைத் தலைகள், மூக்குக் கண்ணாடிகள். ஆளுக்கொரு கப்பலாக, தடித்த விரலின் நுனியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் செய்த கொடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். ஒரு கொடிகூட மாறிப் பறக்கவில்லை. மேசை முழுக்க ஒரே காற்று அடித்தது.

அதற்குமேல் நான் கோட்டுகளிடம் திரும்பிப் போகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தாடிக்காரரின் கப்பலுக்குக் குண்டுமேல் குண்டு. தோற்ற கப்பல் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்துப் போர் வழக்கமாம். இதுவரை கொடியை இறக்க வழியில்லாமல், தோற்ற கப்பலுக்குப் பக்கத்தில் எரிந்த தீக்குச்சியை வைத்துவந்தார்கள். இன்றைக்குத் தாடிக்காரர் இரண்டு நகத்தால் கொடியைப் பிடித்தார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தாயத்தைக் கழற்றுவோமே, அப்படி மெதுவாக மேலே உருவி எடுத்து, ஆர்தரின் உள்ளங்கையில் வைத்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தோற்றவருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எல்லோர் முகமும் என் பக்கம் இருந்தது.

"இனி எந்தக் கப்பல் வந்தாலும் காது வெச்ச கொடிதான் வேணுமாம்," என்றார் நாகராஜ் சார். "அவங்க பழைய கப்பலுக்கெல்லாம்கூடக் கேக்கறாங்க. அந்த வளையத்துக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. காதுன்னேன். எழுதிக்கிட்டாங்க பாய்!"

பெங்களூரில் இறங்கித் தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஒரு கட்சி ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது. கொடி பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் நுழைந்ததும் மாதப்பன் டீயை ஆற்றுகிற கையோடு கத்தினான். "என்ன பாய், கப்பல் மேசை ஏறுச்சா, முங்கிப் போச்சா?"

"ஏறுச்சு மாதப்பா," என்றேன். தெருவே கேட்கிற மாதிரி நான் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மாதப்பன் குவளையைக் கீழே வைத்துவிட்டான்.

ஜமீலா முதலில் கேரியரை வாங்கி, தட்டெல்லாம் நசுங்காமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். கரண்ட் போயிருந்தது. நடுப்பகல் புழுக்கம்.

"ஏங்க, அவ்ளோ பெரிய மனுசங்க மத்தியில நீங்க என்னதான் செஞ்சீங்க? வழக்கம்போலத் தூணுக்குப் பின்னாடி நின்னீங்களா?"

"இல்ல. காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னு அங்க நாந்தான் சொன்னேன். அவங்க கேட்டாங்க."

ஜமீலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியா! கொஞ்சம் இந்தப் பக்கமும் அடிக்கச் சொல்லுங்க."

பனை விசிறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.